விற்புக்கோட்டுக்குக் கீழே ஒரு வீடு

காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால், அல்லிக்கு ஒன்பதரைக்கே எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு துணிப்பைகள், ஒரு குக்கர், ஒரு தலையணை, புருஷனின் ஷேவிங் டப்பா. சொத்து அவ்வளவுதான். மிச்ச வேலை, அங்கே யாரோ இருந்தார்கள் என்ற சுவடே தெரியாமல் துடைத்துவிட்டுப் போவது. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஏற்காட்டில் ஆள் கிடையாது.

"சாரலு, நாங்க கெளம்பறோம். முடி கிடி எங்கியாச்சும் கெடக்குதா பாரு."

"குளியலறையில் நீளமாக ஒன்று இருக்கிறது அல்லி," என்றது வீடு. "உன்னுடையதுதான்."

"பின்ன, அவருதா இருக்கும்?"

வாசலில் வண்டிக்குள் பைகளைத் திணித்துக்கொண்டிருந்த தீர்த்தமலை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். "ஏ புள்ள, காலங்காத்தால உங்க ரெண்டு பேருக்கும் என் மண்டைதான் கெடச்சுதா?"

ஏழு மாத வயிறு. குனிய முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து அந்த முடியை எடுத்தாள் அல்லி. மதியம் இரண்டு மணிக்குப் பெங்களூரிலிருந்து புதுமண ஜோடி ஒன்று சாரல் இல்லத்துக்கு வருகிறது. அதற்குள் இவர்கள் பதினோராம் எண் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே இரண்டு நாள் காலி. அப்புறம் நான்காம் எண்ணில் ஒரு நாள். அதற்கப்புறம் எங்கே என்று அவளுக்கே தெரியாது. பதினான்கு விடுமுறை இல்லங்களைப் பார்த்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி, விருந்தினருக்கும் விருந்தினருக்கும் நடுவில் விழும் இடைநாட்களில்தான் குடித்தனம் நடத்தினார்கள். கல்யாணமாகி மூன்று வருடம். ஒரே வீட்டில் நாலு நாளுக்கு மேல் இருந்ததில்லை. போன வருடம் எத்தனை வீடு மாறினோம் என்று எண்ணத் தொடங்கியவள், ஆடி மாதத்தோடு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

ஊரில் வீடு இல்லாமலா? வீட்டுக்கு என்ன பஞ்சம், சரிவெல்லாம் வீடுதான். விஷயம் என்னவென்றால், அந்த வீடுகள் யோசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன.

ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் ஒரு மனையறிவு குடியிருந்தது. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவர் சார்பில் வீட்டை நிர்வகிப்பது மனையறிவின் வேலை. அதற்கு இடப்பட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்று: உரிமையாளருக்கு லாபமானதைச் செய். வாசல் கம்பத்தில் சிலேட்டு அகலத்துக்கு ஒரு விலைப்பலகை ஒளிரும். இந்த நிமிடம் இந்த வீட்டை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று அது காட்டும். பலகையின் நடுவே சிவப்பாக ஒரு விற்புக்கோடு. விலை கோட்டுக்கு மேலே ஏறினால் வீடு தன்னைத் தானே விற்றுக்கொள்ளும். பத்திரம் எழுதுவது முதல் ஆள் பார்ப்பது வரை எல்லாம் அதுவே. விலை கோட்டுக்குக் கீழே கிடந்தால்? எந்த மடையன் நஷ்டத்துக்கு விற்பான், காத்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும்போது சும்மா இருப்பானேன் என்று மனையறிவு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உல்லாசப் பயணிகளைக் கூப்பிடும். மாத வாடகையை விட அதில்தான் காசு.

ஒரு வீடு இப்படி யோசித்தால் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லலாம். ஊரில் உள்ள அத்தனை வீடும் ஒரே நேரத்தில் இப்படி யோசித்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. வீட்டுச் சந்தை படுத்து ஆறு வருடம் ஆகிவிட்டது. விலைகள் கோட்டுக்குக் கீழேயே கிடந்தன. ஏற்காட்டின் வீடுகள் ஒன்றுவிடாமல் விடுமுறை இல்லங்கள் ஆகிவிட்டன. ரொட்டிக்கடைக்காரர், ஆசிரியைகள், தபால்காரர் எல்லோரும் மலையடிவாரத்துக்கு இறங்கிப் போய், தினமும் இருபது கொண்டையூசி வளைவு ஏறி வேலைக்கு வந்தார்கள். மலையில் இரவு தங்குகிறவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போகப் போகிறவர்கள்தான்.

"மாமா," என்றாள் அல்லி, வண்டியில் ஏறிக்கொண்டே. "எட்டாம் மாசத்துக்கு மேல வண்டியில குலுங்கக் கூடாதுன்னு நர்ஸக்கா சொல்லிருச்சு."

"அடிவாரத்துல ரூமு பாக்கட்டுமா?"

"அடிவாரத்துல இருந்துட்டு வேலைக்கு எப்பிடி ஏறி வர்றது? அதான் குலுங்கக் கூடாதுன்னுது." அவள் வாசல் ஓரத்து ஆரஞ்சு மரத்தைப் பார்த்தாள். "எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் மாமா. கொழந்தை பொறக்கறப்ப தலைக்கு மேல ஒரு கூரை. பத்து மணிக்கு எந்திரிச்சுப் போன்னு சொல்லாத கூரை. அவ்வளவுதான்."

தீர்த்தமலை அவள் பக்கத்துக் கதவைச் சாத்தினான். வண்டியைக் கிளப்பினான்.

அந்தக் கூரை கிடைக்க ஒரு வழி இருந்தது. அது தொழிலில் உள்ளவர்களுக்கெல்லாம் தெரிந்த வழி, யாரும் வாய்விட்டுப் பேசாத வழி.

வீடுகள் யோசிக்கத் தொடங்கிய காலத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒரு குடும்பம் ஒரு வீட்டில் முறைப்படி குடியேறிவிட்டால், பயணிகளுக்கு இடம் கொடுப்பதற்காக மனையறிவு அவர்களை வெளியே அனுப்பக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் குடியேறியதை எப்படித் தெரிந்துகொள்வது? காகிதத்தில் யார் வேண்டுமானாலும் பொய் எழுதலாம். சட்டம் எழுத உட்கார்ந்தவர்கள் தமிழர்கள், வேறு எதை அடையாளமாக வைப்பார்கள்? பால் காய்ச்சுவதை வைத்தார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிய வேண்டும். அதை வீட்டில் இருப்பவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் வழிந்தது என்று இன்னொருவர் ஆசையாகக் கேட்க வேண்டும். அந்த மூன்றாவது அடையாளத்தை ஒரு பெரிய மூளைதான் சேர்த்திருக்க வேண்டும். இரண்டு நாள் தங்கிப் போக வந்தவன் பால் பொங்கினால் ஐயோ என்று துணியைத் தேடுவானே தவிர, வடக்கா கிழக்கா என்று கேட்க மாட்டான்.

உரிமையாளர்கள் மட்டும் இளித்தவாயர்களா? எல்லா விடுமுறை இல்லங்களிலும் பொங்காத அடுப்பைப் பொருத்திவிட்டார்கள். பால் விளிம்புக்கு வந்ததும் அடுப்பு தானாக அணைந்துவிடும். பயணிகளுக்கு இது ஒரு வசதி என்று விளம்பரம் வேறு.

இந்த ஏற்பாடெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, பத்து நாள் கழித்து அல்லியும் தீர்த்தமலையும் மறுபடி சாரல் இல்லத்துக்கு இடைநாள் தங்க வரும் வரை. முந்தைய விருந்தாளிகள் பாயசம் வைக்கப்போய், அடுப்பு அணைந்து அணைந்து எரிய, கோபத்தில் எதையோ திருகி உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சேலத்திலிருந்து மெக்கானிக் மறுநாள்தான் வருவான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று வண்டியில் கிடந்த பழைய கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தான் தீர்த்தமலை.

விடிந்து பனி இன்னும் விலகவில்லை. அல்லியின் கால்கள் வீங்கிக் கிடந்தன. "நீ படு புள்ள, நான் காப்பி போடறேன்" என்று பாலை அடுப்பில் வைத்தான். வைத்தவன் அங்கேயே நின்றிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு காட்டெருமை வேலியைத் தாண்டித் தலையை நீட்டி, ஆரஞ்சு மரக் கிளையை மென்றுகொண்டிருந்தது.

"தூ! போ! ஏய்!" காட்டெருமையிடம் வீரம் காட்ட அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தட்டைத்தான் தட்டினான். அது அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலும் ஒரு கிளையை இழுத்தது. அவன் மேலும் தட்டினான். அப்போதுதான் பின்னால் சர்ரென்று சத்தம் கேட்டது.

"ஐயய்யோ, பாலு பொங்கிருச்சு!"

உள்ளே படுத்திருந்த அல்லிக்குத் தூக்கம் கலைந்தும் கலையாத நேரம். அந்த நேரத்தில் சட்டமாவது ஒன்றாவது. "எந்தப் பக்கம் மாமா? கெழக்காலயா வடக்காலயா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"வடக்கால," என்றான் அவன்.

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"குடியேற்றம் பதிவாகிவிட்டது," என்றது சாரல். மனையறிவுக்கு மகிழ்ச்சி என்று ஒன்று கிடையாது என்றுதான் செய்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு அதன் குரலைக் கேட்டவர்கள் இதை நம்ப மாட்டார்கள். "வாழ்த்துகள் அல்லி. வாழ்த்துகள் தீர்த்தமலை. அடுத்த வார முன்பதிவுகளை ஒன்பதாம் எண்ணுக்கு மாற்றிவிட்டேன்."

"அழிச்சிரு! சாரலு, தெரியாம ஆயிப்போச்சு, அழிச்சிரு சாமி!" தீர்த்தமலை சுவரைப் பார்த்துக் கும்பிட்டான். "வேலை போயிரும் புள்ள! வீட்டுக்காரம்மா நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிரும்!"

"சட்டப்படி அழிக்க முடியாது. நீங்களாகப் போனால்தான் உண்டு," என்றது வீடு. "ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். சட்டம் பயணிகளிடமிருந்துதான் உங்களைக் காக்கும், விற்பனையிலிருந்து காக்காது. விலை கோட்டைத் தாண்டினால் நான் விற்றாக வேண்டும். வாங்குகிறவருக்குக் காலி வீடாகத்தான் கொடுக்க வேண்டும்."

அல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். அடுப்பில் பால் வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கத் துணியை எடுத்தவள், துடைக்காமல் அழ ஆரம்பித்தாள். பயமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆறு வருடமாகப் படுத்துக் கிடக்கும் சந்தை, அவளுக்குப் பிள்ளை பிறக்கும் வரைக்கும் படுத்துக் கிடக்காதா என்ன? அந்த நிமிடம் முதல் தமிழ்நாட்டிலேயே வீட்டு விலை ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் அவள்தான்.

நான்காம் நாள் உரிமையாளர் வந்துவிட்டார்.

மங்களேஸ்வரி அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் ஒன்று, ஏலகிரியில் ஒன்று, ஏற்காட்டில் இந்த சாரல் இல்லம் என்று மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரி. வாடகைக் காரிலிருந்து இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார். "யார் வீட்ல யாரு பால் காய்ச்சறது? நம்பி சாவியக் குடுத்தா இதான் பண்ணுவீங்களா?"

தீர்த்தமலை ஆரஞ்சு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அல்லிதான் முன்னே வந்தாள்.

"தெரியாம ஆயிப்போச்சுங்கம்மா. திட்டறதுன்னா உள்ள வந்து உக்காந்து திட்டுங்க. ஊசிக்காத்து அடிக்குது."

"உள்ள வான்னு நீ சொல்றியா? என் வீட்டுக்குள்ள வர நான் உன்னைக் கேக்கணுமா?"

"உண்மையில் கேட்கத்தான் வேண்டும் அம்மா," என்றது சாரல், மிகப் பணிவாக. "இது இப்போது குடியிருப்பு. குடியிருப்பவர் சம்மதித்தால் உங்களை விருந்தினராக மூன்று நாளுக்குப் பதிவு செய்யலாம். கிளம்பும் நாள் என்னவென்று போடட்டும்?"

கார்க்காரன் மங்களேஸ்வரியின் சாமான்களை இறக்கி வாசலில் வைத்தான். அல்லி அவற்றைப் பார்த்தாள். மூன்று பெட்டி, ஒரு குக்கர், ஒரு தலையணை. திட்டிவிட்டுப் போக வந்தவர் எதற்கு குக்கரோடு வர வேண்டும்? அல்லிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"அம்மா, மெட்ராஸ் வீட்ல யாருங்க இருக்காங்க?"

"முகூர்த்த மாசமில்லையா. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குக் குடுத்திருச்சு, அந்த வீட்டு அறிவு. லாபம்னா அதுக்கு நான் கூட இடைஞ்சல்தான்." குரல் இறங்கிவிட்டது. "ஏலகிரில நாளைக்கு ஆள் வராங்க. இங்க நாலு நாள் காலின்னு போட்டிருந்தது. அப்புறம் பாத்தா முன்பதிவே காணோம், கேட்டா யாரோ குடியேறிட்டாங்கன்னுது."

"எத்தனை வருசமா இப்பிடி?"

"நாலு."

மூன்று வீடு வைத்திருந்த அந்த அம்மாவும், ஒரு வீடும் இல்லாத அல்லியும் செய்துகொண்டிருந்தது ஒரே குடித்தனத்தைத்தான். அல்லி குக்கரை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். "சாரலு, அம்மாவுக்கு மூணு நாள் போடு. வாங்கம்மா, ரசம் சூடா இருக்கு."

மூன்று நாள் ஆனதும் சாரல் கேட்டது: "விருந்தினரை நீட்டிக்கலாமா?" பாத்திரம் தேய்த்துக்கொண்டே அல்லி சொன்னாள்: "நீட்டு, நீட்டு." இப்படி மூன்று நாளுக்கொரு தரம் நீட்டி நீட்டி ஒரு மாதம் ஓடிவிட்டது. மங்களேஸ்வரி அம்மாள் முதல் வாரம் பெட்டியைப் பிரிக்காமலே இருந்தார். இரண்டாவது வாரம் புடவைகள் அலமாரிக்குப் போயின. மூன்றாவது வாரம் சாம்பாரில் உப்பு போதாது என்று சொல்ல ஆரம்பித்தார். அல்லியைக் கீழே குனிய விடாமல் அதட்டுவதும் அவர்தான். தீர்த்தமலைக்கு அவரைக் கண்டால் இன்னும் பயம், ஆனால் மாலையில் இருவரும் தாயக்கட்டை ஆடினார்கள். அவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார், அவன் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, விலைப்பலகையைத் தவிர. பலகையில் எண் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏன் சாரலு ஏறுது?" என்றாள் அல்லி.

"நீங்கள் இருப்பதால்தான்," என்றது வீடு. "இந்த ஊரில் ஆறு வருடமாக யாரும் எந்த வீட்டிலும் வாழ்ந்து பார்க்கவில்லை. மழைக்கு ஒழுகுமா, குளிருக்குத் தாங்குமா என்று வாங்க நினைப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே ஒரு குடும்பம் இருக்கிறது என்று தெரிந்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பக்கத்து வீடுகளுக்கும் கொஞ்சம் ஏறியிருக்கிறது."

அடக் கொடுமையே! அவள் வீட்டை நன்றாக வைத்துக்கொள்ள வைத்துக்கொள்ள, வீடு அவள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. தீர்த்தமலை யோசித்து ஒரு வேலை செய்தான். தன்னிடம் இருந்ததிலேயே கிழிந்த லுங்கியை எடுத்து, வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி காயப்போட்டான். பார்க்கிறவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போக வேண்டும் என்பது திட்டம்.

"லுங்கிக்கு அரை சதவீதம் ஏறிவிட்டது," என்று மறுநாள் தெரிவித்தது சாரல். "வெயில் நன்றாக விழும் வாசல் என்று, வாங்க நினைப்பவர்கள் பார்க்கும் படத்தில் தெரிகிறதாம்."

அடுத்ததாக, இரைச்சலான இடம் என்று பெயர் வரட்டும் என்று, புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நின்று சண்டை போட்டுப் பார்த்தார்கள். "உன்னைக் கட்டிக்கிட்டு என்ன சொகத்தக் கண்டேன்" என்று ஆரம்பித்தாள் அல்லி. "நீ மட்டும் என்ன பெரிய..." என்று இழுத்த தீர்த்தமலைக்கு மேற்கொண்டு ஒன்றும் தோன்றவில்லை. யோசித்தான், தலையைத் தடவினான். அவனைப் பார்த்து அல்லிக்குச் சிரிப்பு பீறிட்டு வர, வயிறு குலுங்கச் சிரித்து, மூச்சு வாங்கி, கடைசியில் படியில் உட்கார்ந்துவிட்டாள். எண் மேலும் ஏறியது. இதையெல்லாம் ஜன்னல் வழியே மங்களேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காத்திருந்த ஏற்றம் அது. திரையை இழுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஏற்காடு மட்டும் என்றால் எண் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கும். ஆனால் எங்கெங்கோ வட்டி இறங்கி, எங்கெங்கோ வேலைகள் பெருகி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாடு முழுக்க வீட்டுச் சந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கு மூன்றாம் எண் இல்லம் கோட்டைத் தாண்டியது. அடுத்து ஐந்து, பதினொன்று. பத்து மணிக்குள் அல்லியின் பதினான்கில் ஒன்பது இல்லங்கள் விருந்தினர்களை எழுப்பி, இந்த இல்லம் விற்பனைக்குச் சென்றுவிட்டது, தங்கள் பயணம் இனிதாகுக என்று கதவைத் திறந்துவிட்டன. ஊர் முழுக்க இதே கதைதான். பனிக்குள் பெட்டிகளோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. தங்குவதற்குக் காலியாக இருந்த இல்லங்கள் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தன.

பதினொன்று இருபதுக்கு சாரல் இல்லத்துப் பலகையில் எண் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"அம்மா," என்றது வீடு. "உரிமையாளர் மறுப்புச் சொல்ல ஒரு மணி நேரம் உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் விற்றுவிடுவேன். ஆறு வருடத்தில் இதுதான் உச்ச விலை."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மங்களேஸ்வரி கையை உதறினார். "மெட்ராஸ் வீடு என்னாச்சு?"

"காலை எட்டு நாற்பதுக்கு விற்றாகிவிட்டது. ஏலகிரியும் முடிந்தது. தாங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இடையூறு செய்ய வேண்டாம் என்று அந்த வீடுகள் நினைத்திருக்கும்."

"ரெண்டுமா?"

"நல்ல லாபம் அம்மா."

"அந்தப் பணத்துல எனக்கு ஒரு வீடு வாங்கணும்னா?"

"விற்பனைக்கு வந்ததெல்லாம் கோட்டைத் தாண்டிய வீடுகள்தானே. விற்ற விலைக்கு மேல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதுவரை தங்குவதற்கு விடுமுறை இல்லம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்." வீடு ஊர் முழுக்கத் தேடியது. "இல்லை."

உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். மங்களேஸ்வரி எழுந்து போய்ப் பார்த்தார். ஒன்பது மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அல்லி துணிப்பைக்குள் பிள்ளைக்குத் தைத்து வைத்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தீர்த்தமலை குளியலறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"கோடு தாண்டிருச்சுங்களேம்மா."

"உன்னை யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லணுமாங்க? பழக்கந்தான்." நிமிராமலே சொன்னாள். "உங்களுக்கு நல்ல வெலை வந்துருக்குது. ஆறு வருசமாக் காத்துட்டு இருந்தீங்க. எங்களால உங்களுக்கு நட்டம் வரக் கூடாது. இத்தனை நாளு இருந்ததே பெருசு. என்ன, பிரசவம் வரைக்கும் இருந்திருந்தா..." குட்டிச் சட்டை ஒன்றை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

மங்களேஸ்வரிக்குக் கண் கலங்கியது. கண் கலங்கினால் அவருக்குக் கோபம் வரும். "மூணு வீடு இருந்துச்சு எனக்கு. ஒரு வீட்லயாவது யாராவது எனக்கு ஒரு தட்டு சோறு எடுத்து வச்சாங்களா? நீ வச்ச. இதையும் வித்துட்டு நான் எந்தத் தெருவுல நிக்கிறது? பையக் கீழ வை. மலை, நீ என்னத்தத் தொடச்சுக்கிட்டு இருக்க, எந்திரி!"

"எவ்வளவு விலை என்று ஒரு முறை பார்த்துவிட்டு..." என்றது சாரல்.

"பாக்க மாட்டேன். பலகைய அணை."

"உரிமையாளர் அப்படி ஒரு கட்டளை கொடுக்கலாம்," என்றது வீடு. "இதுவரை யாரும் கொடுத்ததில்லை. அணைத்தால் இந்த வீட்டுக்கு விலை என்று ஒன்று இருக்காது. கோடும் இருக்காது. என்னால் இதை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது."

"அதத்தான் சொல்றேன். அணை."

வாசல் கம்பத்தில் வெளிச்சம் போயிற்று. அல்லி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்த தீர்த்தமலை, "புள்ள, காப்பி போடட்டுமா?" என்றான். "நீ அடுப்புப் பக்கமே போகாத" என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே குரலில்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் சந்தை என்பது ஒரு கயிற்றுக் கட்டில். ஓர் ஓரத்தில் இழுத்தால் எதிர் ஓரத்தில் விறைக்கும்.

"அம்மா, ஒரு தகவல்," என்றது சாரல், கால் மணி நேரம் கழித்து. "வாங்க வந்தவர்களுக்கு ஒரு வீடு குறைந்துவிட்டது அல்லவா? அதனால் இந்தத் தெருவில் மற்ற வீடுகளின் விலை இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது. கோட்டுக்குக் கீழே மிச்சமிருந்த எட்டு விடுமுறை இல்லங்களும் இப்போது தாண்டிவிட்டன. அவற்றில் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள்."

"ஐயையோ! நான் பண்ணினதா?"

"கணக்குப்படி ஆமாம்."

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். பனியும் தூறலும். தெருவில் இரண்டு பக்கமும் விலைப்பலகைகள் ஜொலித்தன, ஒன்றை ஒன்று மிஞ்சிக்கொண்டு. அத்தனை வீடும் பூட்டிக் கிடந்தன, வாங்குகிறவருக்குக் காலியாகத் தங்களை வைத்துக்கொண்டு. நடுவே, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு கூட்டம் மேடேறி வந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, முட்டி வலிக்கிற ஒரு பெரியவர், போர்வையைத் தலையோடு போர்த்திய மூன்று கல்லூரிப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், வெளிச்சம் இல்லாத அந்தக் கம்பத்தின் முன்னால் நின்றார்கள்.

"ஏங்க, இது காட்டேஜுங்களா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க," என்றாள் அல்லி. "வீடு."

பெரியவரின் முகம் தொங்கிப் போனது. பெட்டியைத் திருப்பினார்.

"அட, எங்க போறீங்க? வீடுன்னுதானே சொன்னேன். கொழந்தை நனையுது, மொதல்ல உள்ள வாங்க." அல்லி படியை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள். ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். தீர்த்தமலை பெட்டிகளை வாங்கிக்கொண்டான். மங்களேஸ்வரி தன் புடவையை அலமாரியிலிருந்து எடுத்துக் கைக்குழந்தையின் தலையைத் துவட்டினார்.

"அல்லி," என்றது சாரல், குழம்பிப் போன குரலில். "பதினேழு பேர். முன்பதிவு இல்லை. கிளம்பும் நாள் தெரியாது. கட்டணம் வாங்கும் வசதியை இப்போதுதான் இழந்தேன். இவர்களை என்னவென்று பதிவு செய்வது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் அல்லி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "டின்னுல அரிசி எவ்வளவு இருக்குன்னு மொதல்ல சொல்லு."